வேண்டுமென்றே நோயைப் பரப்பினால் கொலை வழக்குதானே?

கேள்வி, 2025 ஜனவரி 11

"வேண்டுமென்றே தொற்றுநோயைப் பரப்புகிறவன் கத்தியால் குத்துகிறவனைவிட மோசமானவன். குத்தினால் காயம் தெரியும், ரத்தம் தெரியும். இது எதுவும் தெரியாது. ஆனால் நம் சட்டத்தில் இதற்கு அதிகபட்சம் இரண்டே வருஷம் என்கிறார்கள். நேராகக் கொலை முயற்சி, செத்தால் கொலை என்று போட வேண்டியதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

ஜனவரி 11, இரவு

யோசிக்க நிறைய இருக்கிறது தம்பி. உங்கள் கேள்வியின் முதல் சொல்லே இடிக்கிறது. "வேண்டுமென்றே." நான் வக்கீல் இல்லை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருஷம் வேலை பார்த்தவன். ஆனால் இந்த ஒரு சொல்லுக்காக ஒருமுறை சாட்சிக்கூண்டில் ஏறி நின்றிருக்கிறேன். அந்தக் கதை பிறகு.

இரண்டு வருஷம் என்றது சரி. 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இது இருந்தது. உயிருக்கு ஆபத்தான நோய் பரவக்கூடிய காரியத்தை அலட்சியமாகச் செய்தால் ஆறு மாதம் வரை, கெடுநோக்கோடு செய்தால் இரண்டு வருஷம் வரை, தனிமைப்படுத்தல் விதியை மீறினால் ஆறு மாதம் வரை. பிரிவு 270, 271, 272.

அதே இரவு, அரை மணி கழித்து

எண்களைத் தப்பாகப் போட்டுவிட்டேன். பழைய சட்டத்தில் 269, 270, 271. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 271, 272, 273. இரண்டுக்கும் நடுவில் நானே ஒரு மூன்றாவது சட்டம் இயற்றியிருக்கிறேன். 271 என்ற எண் இரண்டிலும் உண்டு என்பதுதான் வம்பு: பழையதில் தனிமைப்படுத்தலை மீறுவது, புதியதில் அலட்சியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பிரிவுகளில் யாருக்கும் நோய் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பரவ வாய்ப்புள்ள காரியம், அது தெரிந்திருப்பது, அல்லது தெரிந்திருக்க நியாயம் இருப்பது. அவ்வளவு போதும். வலை பெரிது, தண்டனை சிறிது. இரண்டு வருஷம் குறைச்சல் என்று திட்டும்போது வலையின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 12

காயம் கண்ணுக்குத் தெரியாது என்றீர்களே, அதற்காகவே 1888-இல் இங்கிலாந்தில் 13 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். கிளாரன்ஸ் என்பவனுக்கு வெட்டை நோய், உடலுறவில் தொற்றுவது. தனக்கு இருப்பது தெரியும், மனைவிக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் தொற்றியது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. மேலே 9 பேர் விடுவிக்கலாம் என்றார்கள், 4 பேர் கூடாது என்றார்கள். விட்டுவிட்டார்கள்.

விடுவித்தவர்களின் வாதம் சுவாரசியமானது. அடி, வெட்டு என்றால் கை இறங்கிய கணத்திலேயே காயம். தொற்று அப்படியில்லை. அது நஞ்சு மாதிரி. உள்ளே போய் நாள் கழித்து வேலை செய்யும், செய்யாமலும் போகும். ஆகவே 1861 சட்டத்தின் "காயம் விளைவித்தல்" என்ற சொல்லுக்குள் அது வராது. இப்படி எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். நம்முடைய 1872 சாட்சியச் சட்டத்தை வரைந்த அதே ஆள்.

மனைவி என்றால் சம்மதம் என்றே வைத்துக்கொண்ட காலம், தீர்ப்பில் அந்த வாடையும் அடிக்கிறது. 2004-இல் டிக்கா வழக்கில்தான் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளாரன்ஸைக் கழித்துக் கட்டியது. தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தும், ஆனது ஆகட்டும் என்று துணிந்து இன்னொருவருக்குத் தொற்ற வைத்தால் அது கொடுங்காயம்தான் என்றது. 116 வருஷம்!

தீர்ப்பு தப்பு, ஆனால் நஞ்சு என்ற உவமை சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஜனவரி 12, மாலை

நஞ்சு என்றதும் ஹவ்ரா ஞாபகம் வந்துவிட்டது, சொல்லாமல் தூக்கம் வராது.

1933 நவம்பர் 26. ஹவ்ரா ரயில் நிலையம், கூட்டம். பாக்கூர் ஜமீனின் இளைய வாரிசு அமரேந்திரா நடந்து போகிறான். கதர் உடுத்திய ஒருவன் இடித்துக்கொண்டு போகிறான். கையில் சுருக்கென்றது. பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி. சில நாளில் காய்ச்சல். டிசம்பர் 4-இல் ஆள் இல்லை. ரத்தத்தை வளர்ப்புக்குப் போட்டுப் பார்த்தால் பிளேக் கிருமி.

சொத்துத் தகராறு. மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் பினயேந்திராவும், கிருமி ஆராய்ச்சி பழகிய தாராநாத் என்ற டாக்டரும் சேர்ந்து பம்பாய் வரை போய்க் கிருமி வளர்ப்பைத் தேடியதும், எலிகளில் போட்டுப் பார்த்ததும் விசாரணையில் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் மூக்குக்கண்ணாடியில் ரணஜன்னிக் கிருமி தடவி ஒரு முயற்சி நடந்ததாகவும் வந்தது. விசாரணை நீதிமன்றம் இருவருக்கும் தூக்கு என்றது. 1936-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் தீவாந்தர தண்டனையாகக் குறைத்தது.

எந்தப் பிரிவு? கொலை, கொலைச் சதி. 270 பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

வாசிக்கும்போதெல்லாம் என் மனசு போவது, ரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்பலாம் என்று யோசித்த மருத்துவரிடம். வெறும் காய்ச்சல் என்று சான்றிதழ் எழுதிவிட்டிருந்தால் வழக்கே கிடையாது. கிருமி வளர ஒரு கண்ணாடித் தட்டும் சில நாளும் வேண்டும், ஆனால் "வளர்த்துப் பார்" என்று ஒருவர் எழுதித் தர வேண்டும்.

ஜனவரி 13

"அப்ப நான் சொன்னதுதானே சார், கொலைன்னு போடலாம்" என்று நீங்கள் துள்ளுவது தெரிகிறது. போடலாம். ஊசி, புட்டி, பம்பாய்ப் பயணம், எலி, சொத்து எல்லாம் இருந்தால் தாராளமாக. அதற்குப் புதுச் சட்டமே வேண்டாம், ஆயிரம் வருஷமாக இருக்கிற கொலைச் சட்டம் போதும். ஆனால் அப்படி வரும் வழக்கு எத்தனை? விரல் விட்டு எண்ணலாம்.

1984, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், தி டாலஸ் என்ற ஊர். ரஜ்னீஷ் (ஓஷோ) ஆசிரம நிர்வாகிகள் உள்ளூர்த் தேர்தலில் எதிர் ஓட்டு விழக்கூடாது என்று உணவகங்களில் காய்கறிக் கலவைத் தட்டுகளில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் படுத்தார்கள். யாரும் சாகவில்லை. முதலில் ஆராய்ந்தவர்கள் உணவு கையாண்டவர்களின் சுத்தக் குறைவு என்று முடிவுகட்டினார்கள். ஒரு வருஷம் கழித்து ஆசிரமத்துக்குள் சண்டை வந்து, ரஜ்னீஷே தன் ஆட்களைக் குற்றம் சொல்லி, போலீஸ் உள்ளே புகுந்து, ஆய்வகத்தில் அதே வகைக் கிருமி கிடைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நுகர்பொருளில் கைவைத்த குற்றம் என்று ஒரு சட்டம், ஓராண்டுக்கு முன்புதான் வந்திருந்தது. அதில் பிடித்தார்கள். வேறு குற்றங்களும் சேர்ந்து 20 வருஷம் வரை தண்டனை, 29 மாதத்தில் வெளியே.

அவர்களுக்குள் சண்டை வராமல் இருந்திருந்தால்? யாரோ ஒரு சமையல்காரரின் கை கழுவாத பழக்கம் என்றே ஏட்டில் இருந்திருக்கும்.

ஜனவரி 13, சேர்க்கை

விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்நோக்கத்தைக் கைப்பட எழுதி வைத்தவர்களும் உண்டு. 1763, வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் ஃபோர்ட் பிட் கோட்டை முற்றுகை. பேச வந்த டெலவேர் பழங்குடித் தூதர்களுக்குப் பெரியம்மை மருத்துவமனையிலிருந்து இரண்டு போர்வையும் ஒரு கைக்குட்டையும் பரிசு. நினைத்த பலன் கிடைக்கும் என்று நம்புவதாக வில்லியம் டிரென்ட் என்ற வணிகர் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். போர்வைக்கும் கைக்குட்டைக்கும் கணக்கு எழுதி ராணுவத்திடம் காசும் வாங்கியிருக்கிறார்கள். எழுத்துச் சாட்சியம், ரசீது, எல்லாம் கையில். வழக்கு மட்டும் இல்லை. தளபதியே கடிதத்தில் அதே யோசனை சொல்லிக்கொண்டிருந்தால் யார் யார்மேல் வழக்குப் போடுவது?

ஜனவரி 15

ஊசி, போர்வை எல்லாம் விடுங்கள். நான் கண்ணால் பார்த்த ஒன்று.

முடிவு வாங்கும் சாளரத்தில் ஒரு நாள் மதியம் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சீட்டை நீட்டினார், நான் உறையை எடுத்து அவர் முன் வைத்தேன். பழுப்பு உறை, மேலே எண், ஒட்டியிருக்கிறது. அவர் தொடவில்லை. உறையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "நான் இதை வாங்கலைன்னா எனக்குத் தெரியாதுன்னுதானே அர்த்தம்?"

நான் ஏதோ சொன்னேன், ஆலோசகரைப் பாருங்கள் என்ற மாதிரி. அவர் சீட்டையும் சாளரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். உறை என் இழுப்பறையில் கிடந்தது.

சட்டம் படித்தவரா, யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, தெரியாது. ஆனால் உலகத்துச் சட்டங்கள் பெரும்பாலும் எதன் மேல் நிற்கின்றன என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார். "தெரிந்தே" என்ற சொல்லின் மேல். சோதித்துக்கொண்டவனுக்குத் தெரியும், அவன் சிக்குவான். சோதிக்காதவனுக்குத் தெரியாது, அவன் தப்பிப்பான். தண்டனையை ஏற்ற ஏற்ற சாளரத்துக்கு வராமல் இருக்கத்தான் காரணம் கூடுகிறது. உங்கள் கொலை வழக்கு யோசனையைக் கேட்டதும் எனக்கு முதலில் அந்த உறைதான் கண்ணில் வந்தது.

(சட்டத்திலும் இதற்கு ஒரு பதில் உண்டு. தெரிந்துவிடக் கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டவனையும் தெரிந்தவனாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். நம் பிரிவிலும் "தெரிந்திருக்க நியாயம் இருந்தால்" என்று இருக்கிறது. அந்த மனுஷனிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை.)

ஜனவரி 16

எச்சில் துப்புவதும் இதில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2008-இல் டெக்சஸில் ஒரு வழக்கு. ஒருவன் போலீஸ்காரர்மேல் துப்பியிருந்தான். அவனுக்கு எச்.ஐ.வி. ஜூரி அவன் எச்சிலைக் கொலை ஆயுதம் என்று எடுத்துக்கொண்டு 35 வருஷம் கொடுத்தது. எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது. அந்த விதிப்படி பார்த்தால் என் வீட்டுக் கொசு மட்டையும் பீரங்கி.

ஐயோவா மாநிலத்தில் இன்னொரு வழக்கு. மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, ஆணுறையும் போட்டிருந்தார், எதிராளுக்குத் தொற்றவும் இல்லை. சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக 25 வருஷம். பிறகு நன்னடத்தைக் கண்காணிப்பாக மாற்றினார்கள், 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே தள்ளியது, சட்டமன்றமும் அதே வருஷம் சட்டத்தை மாற்றியது. கலிபோர்னியா 2018 முதல் இதைப் பெருங்குற்றத்திலிருந்து சிறுகுற்றமாக இறக்கிவிட்டது. இல்லினாய் 2021-இல் சட்டத்தையே எடுத்துவிட்டது.

ஜனவரி 18

"நான் தம்பி இல்லை சார், தங்கச்சி. நீங்க கொசு மட்டைன்னு ஜோக் அடிக்கிறீங்க. எங்க அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கர்ப்பமா இருந்தப்ப எடுத்த டெஸ்ட்ல எச்.ஐ.வி. மாமாவோட சிகிச்சை அட்டை பீரோவுல துணிக்கு அடியில இருந்துச்சு. கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முந்தின தேதி. இதுவும் வேண்டுமென்றே இல்லையா?"

முதலில், தம்பி என்று எழுதியதற்கு மன்னிக்கணும் அம்மா. கோபமாக ஒரு கேள்வி வந்தால் ஆண்பிள்ளை என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். கொசு மட்டைக்கும் சேர்த்து.

பதில் நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்கு எழுதினால் சட்டப் புத்தகம் மாதிரி வரும்.

ஜனவரி 19

ஒரு விஷயத்தை முதலில் பிரிக்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். உங்கள் மாமா அக்காவுக்கு நோய் வரட்டும் என்று நினைத்தாரா, வந்தாலும் வரட்டும் என்று விட்டாரா, வராது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாரா? மூன்றிலும் அக்காவுக்கு வந்தது ஒன்றுதான். சட்டத்துக்கு மூன்றும் வேறு.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2016-இல் சபுரோனி வழக்கில் இதைத்தான் பிட்டுப் பிட்டு வைத்தது. அவருக்குத் தன் நோய் தெரியும், பல மாதம் மறைத்தார், பொய்யும் சொன்னார், துணைக்குத் தொற்றியது. "தொற்றட்டும் என்ற நோக்கம்" என்று கீழே முடிவு செய்ததை மேலே ஏற்கவில்லை. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் துணிந்தது வேறு, அதையே விரும்பியது வேறு என்றார்கள். அவரை விட்டுவிடவில்லை, ஒரு படி கீழே உள்ள கொடுங்காயக் குற்றத்தில் வைத்தார்கள். இங்கிலாந்தில் எச்.ஐ.வி. வழக்கு ஒன்றில் நோக்கமே நிரூபணமானது 2017-இல்தான். அந்த ஆள் ஆணுறைகளைக் கிழித்து வைத்திருக்கிறான், பிறகு பலருக்கும் கேலியாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். 2018-இல் ஆயுள், குறைந்தது 12 வருஷம். அவன் கைப்பட அனுப்பிய செய்திதான் அவனைப் பிடித்தது, டிரென்டின் நாட்குறிப்பு மாதிரி.

கனடா வேறு வழியில் போனது. 1998-இல் கியூரியர் வழக்கில், நோயை மறைத்து வாங்கிய சம்மதம் மோசடியால் கெட்டுப்போன சம்மதம், ஆகவே அது தாக்குதல் என்றார்கள். 2012-இல் மேபியர் வழக்கில் கொஞ்சம் இறங்கி வந்து, தொற்றுவதற்கு உண்மையான வாய்ப்பு இருந்தால்தான் சொல்லும் கடமை என்றார்கள். வைரஸ் அளவு குறைவு, ஆணுறை, இரண்டும் இருந்தால் கடமை இல்லை.

இங்கே? பாரதிய நியாய சன்ஹிதா 271, 272 இரண்டுக்கும் அந்த அட்டை பலமான ஆவணம். "தெரிந்தே" என்ற சொல் அந்தத் தேதியிலேயே இருக்கிறது. 272-க்குக் கெடுநோக்கு வேண்டும், அங்கேதான் வக்கீல்கள் மல்லுக்கட்டுவார்கள். 2017-இல் வந்து 2018 செப்டம்பரில் நடப்புக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின் 10-ஆம் பிரிவு, தன் நிலை தெரிந்தவர் அடுத்தவருக்குப் பரவாமல் எல்லா நியாயமான முன்னெச்சரிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. முன்கூட்டிச் சொல்வதும் அதில் ஒரு வழி. அந்தப் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான பயம் இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கடமையைத் திணிக்க முடியாது. யாரோ அனுபவப்பட்டவர்கள் எழுதிய வரி.

ஜனவரி 19, இரவு

விட்டுப்போனது. கல்யாணத்துக்கு முன் ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். 1998-இல் உச்ச நீதிமன்றத்தில் இதே பிரச்சினை வந்தது, 'மிஸ்டர் எக்ஸ்' வழக்கு. பெண் வீட்டுக்குத் தகவல் போய் நிச்சயித்த கல்யாணம் நின்றது, மாப்பிள்ளை ஆஸ்பத்திரிமேல் வழக்குப் போட்டார். அந்தரங்க உரிமை முழுமையானது இல்லை, பெண்ணின் உயிர் பெரிது என்றது நீதிமன்றம். 269, 270-ஐயும் எடுத்துக் காட்டியது. கூடவே, இந்த நோய் உள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டது போலத்தான் என்றும் எழுதிவிட்டது. 2002-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தத் திருமண உரிமைப் பேச்சு வழக்குக்கே தேவையில்லாதது என்று ஒதுக்கியது. நோய் உள்ளவர் உண்மையைச் சொல்லிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டால் யாருக்கு என்ன? உங்கள் அக்காவிடமும் சொல்லியிருந்தால்? எனக்குத் தெரியாது, அவருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. குற்றம் நோயில் இல்லை, அந்த வாய்ப்பைப் பிடுங்கிக்கொண்டதில்தான் இருக்கிறது என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் 15-ஆம் தேதி எழுதியது அதைத் தொடவே இல்லை. உறைக்கு முன்னால் உட்கார்ந்தே பேசியிருக்கிறேன், உறையை வாங்காதவரின் வீட்டில் இருப்பவரை யோசிக்கவில்லை.

ஜனவரி 21

சாட்சிக்கூண்டுக் கதை. இப்போது சொன்னால்தான் பொருந்தும்.

ஒருவர் இன்னொருவருக்குத் தொற்ற வைத்தார் என்று வழக்கு. இருவரின் முடிவிலும் என் கையெழுத்து. அரசு வக்கீல் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். எதிர்த்தரப்பு எழுந்தது.

"இந்தச் சோதனை, நோய் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லுமா?"

"சொல்லாது."

"எப்போது வந்தது என்று?"

"சொல்லாது."

"புகார் கொடுத்தவர் அதற்கு முன் சோதித்துக்கொண்டதுண்டா?"

"எங்களிடம் பதிவில்லை."

"அப்படியானால் நீங்கள் எதற்கு வந்தீர்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள், நீதிபதி உட்பட. எனக்குக் காது சூடேறியது. ஆனால் அந்த வக்கீல் கேட்டது அத்தனையும் நியாயம். ஒருவருக்கு முதலில் தெரிந்தது என்பதால் அவருக்கு முதலில் வந்தது என்று ஆகாது. கர்ப்பப் பரிசோதனையில் மனைவிக்கு முதலில் தெரிந்து, கொண்டுவந்தவள் அவள்தான் என்று பழி விழுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். உங்கள் அக்கா விஷயத்தில் அந்த அட்டை இல்லாவிட்டால் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிடலாம். லூசியானாவில் 1994-இல் ஒரு மருத்துவர், விட்டமின் ஊசி என்று சொல்லித் தன் முன்னாள் காதலிக்கு நோயாளி ஒருவரின் ரத்தத்தைப் போட்டார். 1998-இல் கொலை முயற்சிக் குற்றவாளி என்று தீர்ப்பு, தண்டனை 50 வருஷம். அமெரிக்கக் குற்றவியல் வழக்கில் இந்த மரபணு ஒப்பீடு முதன்முதலில் ஏறியது அங்கேதான். ஆனால் இரண்டு வைரஸும் உறவு என்று காட்டலாமே தவிர, நடுவில் மூன்றாவது ஆள் இல்லை என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உறவே இல்லை என்று காட்டுவதில்தான் அது கெட்டி.

அந்தக் கெட்டித்தனம் தேவைப்பட்ட இடம் லிபியா. பெங்காசி குழந்தைகள் மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. வேண்டுமென்றே பரப்பினார்கள் என்று ஐந்து பல்கேரிய செவிலியருக்கும் ஒரு பாலஸ்தீன மருத்துவருக்கும் 2004-இல் மரண தண்டனை, 2006-இல் மறுபடியும். அந்த வைரஸ் அவர்கள் 1998 மார்ச்சில் வந்து சேருவதற்கு முன்பே அந்த மருத்துவமனையில் சுற்றிக்கொண்டிருந்தது என்று மரபணு ஆய்வு சொன்னது. ஊசியைச் சுத்தமாகக் கையாளாத பழக்கம்தான் காரணம் என்று லுக் மொன்டாக்னியே முன்பே அறிக்கை கொடுத்திருந்தார், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். நீதிமன்றம் காது கொடுக்கவில்லை. 2007 ஜூலையில் பேச்சுவார்த்தையில்தான் வெளியே வந்தார்கள், எட்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகு.

பிள்ளைக்கு நோய் வந்த பெற்றோருக்குக் கண் முன்னால் ஒரு முகம் வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த முகம் எது என்பதைக் கோபம் முடிவு செய்தால் இப்படித்தான்.

ஜனவரி 23

டைபாய்டு மேரி சிறைக்குப் போகவில்லையா என்கிறார் இன்னொருவர். சிறை இல்லை, தீவு. மேரி மாலன் சமையல்காரர், உடம்பில் நோயே தெரியாமல் கிருமியைச் சுமந்தவர். 1907-இல் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைக்க மாட்டேன் என்றதால் 1910-இல் விட்டார்கள். 1915-இல் மேரி பிரவுன் என்ற பெயரில் ஒரு பிரசவ மருத்துவமனைச் சமையலறையில் அகப்பட்டார். 25 பேருக்கு நோய், இருவர் இறந்தார்கள். மறுபடி தீவு, 1938-இல் சாகும் வரை. குற்றப்பத்திரிகை இல்லை, ஜூரி இல்லை. மொத்தம் 26 வருஷம், சுகாதாரத் துறையின் உத்தரவிலேயே. இரண்டு வருஷம் குறைச்சல் என்று தொடங்கினோமே, தண்டனையே இல்லாமல் 26 வருஷம் இது.

அவரும் நம்பவில்லை, பாவம். நான் நன்றாகத்தானே இருக்கிறேன், என்னிடமிருந்து எப்படி வரும் என்றே கடைசி வரை கேட்டார்.

கோவிட் காலத்தை இழுக்க வேண்டாம் என்றிருந்தேன், இருந்தாலும் ஒரு வரி. 2020-இல் 269, 270 என்று போட்ட வழக்குகள் மலையாகக் குவிந்தன. தப்லீக் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள்மேல் போட்டதை அந்த ஆகஸ்டிலேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. பலிகடா ஆக்கியிருக்கிறார்கள் என்ற பொருளில் கடுமையாகவே எழுதியது. "கெடுநோக்கு" என்ற சொல்லைப் பயம் எவ்வளவு வேகமாக நிரப்பிவிடுகிறது பாருங்கள்.

ஜனவரி 26

அக்கா புகார் கொடுக்க மாட்டேன் என்கிறார், கொடுத்தால் தன் பெயரும் ஊருக்கே தெரியும் என்று பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 2017 சட்டத்தின் 34-ஆம் பிரிவை வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். புனைபெயரில் வழக்கு நடத்த, மூடிய அறையில் விசாரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். பெயர் வெளியாகாமலே நடக்க வழி இருக்கிறது. கொடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டம், உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

மருந்தை மட்டும் நிறுத்த விடாதீர்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளக்க முடியாத அளவுக்குப் போனவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றுவதில்லை. 2019-இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் பகுதியில் ஆணுறை இல்லாத சுமார் 76,000 உறவுகளில் ஒரு தொற்றுகூட அந்தத் துணையிடமிருந்து வரவில்லை. குழந்தைக்கும் மருந்தால் தடுக்க முடியும். தேதி தவறக் கூடாது.

ஜனவரி 27

"இத்தனை பேசுறீங்களே, நீங்க யாருக்காவது பரப்பியிருக்கீங்களா சார்?"

நேர்மையான கேள்வி. எழுதலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன்.

கல்லூரிக் கடைசி வருஷம், கடைசிப் பரீட்சை. காலையில் எழுந்தால் மார்பில் நாலைந்து கொப்புளம். சின்னம்மை. எனக்குத் தெரியும், நுண்ணுயிரியல் படிக்கிறவன். பரீட்சையை விட்டால் ஒரு வருஷம் போச்சு. முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தானை மாட்டி, கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம், மூடிய அறை, 40 பேர்.

மேற்பார்வைக்கு வந்த அம்மா நிறைமாதம். என் பெஞ்சுக்கு நாலு முறை வந்தார். வியர்க்கிறதே, உடம்பு சரியில்லையா என்று ஒரு முறை கேட்டார். இல்லை மேடம் என்றேன்.

கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால், பிரசவத்தை ஒட்டி வந்தால் இன்னும், என்ன ஆகும் என்று அதே பரீட்சைக்குப் படித்திருந்தேன். கேள்வித்தாளில் அது வரவில்லை.

அவருக்கு முன்பே வந்து போயிருக்கலாம், பெரும்பாலானவர்களுக்குச் சிறுவயதிலேயே வந்துவிடும். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பரவட்டும்" என்று நான் நினைக்கவில்லை. அவரை நினைக்கவே இல்லை. எந்தப் பிரிவு என்று நீங்களே சொல்லுங்கள். சின்னம்மை "உயிருக்கு ஆபத்தான நோயா" என்று என் வக்கீல் வாதாடுவார். உங்கள் மாமாவின் வக்கீலும் ஏதோ ஒன்று வாதாடுவார்.

ஜனவரி 27, இரவு

இல்லை, போய்க் கேட்டதில்லை. பெயர் தெரியாது, வேறு கல்லூரியிலிருந்து வந்தவர். கூடுதல் தாள் கொடுக்கும்போது மூலையில் சுருக்கொப்பம் போட்டுத் தருவார், சிவப்பு மையில், ஒரு கொக்கி மாதிரி. நான் அன்றைக்கு நாலு தாள் வாங்கினேன்.